ஒரே வெள்ளைப் பொடியிடம் இரண்டு முறை மாட்டிக்கொண்ட கதை

பதினான்கு மாதம் விடாமல் வாய்ப்புண், அதே சமயத்தில் ஆய்வகத்தில் ஐந்து வார வேலை குப்பைத்தொட்டியில். இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே வேதிப்பொருள் என்று தெரிந்த அன்று சிரிப்பதா அழுவதா என்று எனக்கே புரியவில்லை. அந்தப் பொருள் எனக்குப் புதியதும் இல்லை. தினமும் கையால் எடை போட்டுக் கரைத்து வைத்திருந்த பொருள். யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு அலைந்திருக்க மாட்டேன் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆய்வகப் பக்கம் போகாதவர்கள் முதல் பாதியில் வரும் பஃபர், ஜெல் எல்லாவற்றையும் தாண்டி நேராக வாய்ப்புண் கதைக்குப் போகலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அது சோடியம் டோடெசில் சல்பேட். ஆய்வகத்தில் எஸ்டிஎஸ் என்போம். சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட் அட்டைகளில் இதற்குப் பெயர் சோடியம் லாரில் சல்பேட், சுருக்கமாக எஸ்எல்எஸ். டோடெசில் என்றாலும் லாரில் என்றாலும் பன்னிரண்டு கார்பன் நீளமுள்ள ஒரு வால்தான். வால் எண்ணெயோடு ஒட்டும், தலையில் இருக்கும் சல்பேட் தண்ணீரோடு ஒட்டும், அதனால் அழுக்கு கழன்று வருகிறது, நுரையும் பொங்குகிறது. தேங்காய் எண்ணெய் மாதிரியான எண்ணெய்களில் கிடைக்கும் லாரிக் அமிலத்தை வைத்துத் தயாரிக்கலாம் என்பதால் லாரில் என்ற பெயர். கடைச் சரக்கில் பதினான்கு, பதினாறு கார்பன் வால்களும் கலந்திருக்கும், ஆய்வகத்துக்கு வருவது அநேகமாகச் சுத்தமான பன்னிரண்டு. இந்த இரட்டைப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் கோட்டைவிட்டதே அங்கேதான்.

ஆய்வகத்தில் இதன் வேலை புரோட்டீனைப் பிரித்துப் போடுவது. புரோட்டீன் என்பது சிக்குப்பிடித்த நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். எஸ்டிஎஸ் போட்டு 95 டிகிரியில் ஐந்து நிமிஷம் வைத்தால் சிக்கு அவிழ்ந்துவிடும், அவிழ்ந்த நூல் முழுக்க எஸ்டிஎஸ் ஒட்டிக்கொள்ளும். ஒரு கிராம் புரோட்டீனில் ஏறக்குறைய 1.4 கிராம் எஸ்டிஎஸ் ஏறும் என்பது பாடத்தில் படித்த கணக்கு. அதாவது புரோட்டீனின் எடையைவிட அதைப் போர்த்தியிருக்கும் சோப்பின் எடை அதிகம். எல்லாமே எதிர் மின்சுமை ஏறி ஒரே மாதிரி ஆகிவிடுவதால் ஜெல்லில், அதாவது ஜெல்லி மாதிரியான ஒரு பலகையில், மின்சாரம் விட்டால் சின்னது முன்னால் ஓடும், பெரியது பின்னால் தங்கும். 1970ல் லேம்லி என்ற விஞ்ஞானி கொடுத்த பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) முறையைத்தான் சிற்சில மாற்றங்களோடு உலகமெங்கும் இன்றுவரை ஓட்டுகிறோம்.

முதல் அடி எடை போடும் மேஜையிலேயே விழுந்தது. எஸ்டிஎஸ் பொடி பஞ்சை விட லேசு, டப்பாவைத் திறந்தாலே கிளம்பி மிதக்கும். தராசு ஏசி காற்று வரும் இடத்தில் இருந்தது, நான் மாஸ்க் போடவில்லை, பத்து கிராம் எடுப்பதற்குள் மூக்கில் மிளகாய்ப்பொடி ஏறியது போலத் தும்மல். அன்று இரவு முழுக்கத் தொண்டை எரிச்சல், வறட்டு இருமல். "சோப்புதானே" என்ற அலட்சியம்தான். மாஸ்க், கண்ணாடி, கையுறை மூன்றும் போட்டு, தராசுக்கு மேல் காற்று அடிக்காமல் பார்த்துக்கொண்டு எடுங்கள். குருணையாகவும் கிடைக்கிறது, கரைசலாகவே 10 அல்லது 20 சதவீதத்திலும் கிடைக்கிறது, வாய்ப்பிருந்தால் அதையே வாங்கச் சொல்லுங்கள். கரைக்கும்போது வேகமாகச் சுழற்றினால் பாதி பீக்கர் நுரையாகிவிடும், அளவுக்கோடு எங்கே இருக்கிறதென்றே தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாகச் சுழலவிட்டுக் காத்திருப்பதே உத்தமம். பல பொருள் சேரும் பஃபர் என்றால் எஸ்டிஎஸ் கடைசி.

அடுத்தது ஃப்ரிட்ஜ். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எதையும் 4 டிகிரியில் வைத்தால் பத்திரம் என்ற நம்பிக்கை உண்டு, எனக்கும் இருந்தது. 10 சதவீத எஸ்டிஎஸ் பாட்டிலை வைத்துவிட்டு மறுநாள் காலையில் திறந்தால் அடியில் வெள்ளை வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. கெட்டுப்போய்விட்டது என்று அப்படியே ஊற்றிக் கழுவிவிட்டேன். அது கெடவே இல்லை. குளிரில் இதற்குக் கரைதிறன் குறைவு, 37 டிகிரி தண்ணீர்த்தொட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் பழையபடி தெளிந்துவிடும். ஃப்ரீசரில் இருந்து எடுத்த சாம்பிளுக்கும் இதே விதி. பனி விட்டவுடன் அவசரமாக ஜெல்லில் ஏற்றினால் பட்டைகள் கோணல்மாணலாகத்தான் ஓடும், சூடாக்கிக் கலக்கிய பிறகே ஏற்ற வேண்டும்.

இதெல்லாம் சில்லறை நஷ்டம். ஐந்து வாரம் போன கதைக்கு வருகிறேன். பாக்டீரியாவில் ஒரு புரோட்டீனைத் தயாரித்துப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சுற்றுக்கு நான்கு நாள் ஆகும். யாரோ ஒரு பழைய ஆய்வுக்கட்டுரையில் அந்தப் புரோட்டீன் பொட்டாசியம் பாஸ்பேட் பஃபரில் நன்றாக நிற்கிறது என்று எழுதியிருந்ததைப் பார்த்து நானும் பஃபரை மாற்றினேன். புரோட்டீன் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. எஸ்டிஎஸ்ஸும் நீலச் சாயமும் உள்ள சாம்பிள் பஃபரோடு கலந்து 95 டிகிரியில் வைத்தேன், எடுக்கும்போதும் தெளிவு. ட்யூபை மேஜையில் வைத்துவிட்டு ஜெல்லைத் தயார் செய்யத் திரும்பினேன், திரும்பிப் பார்த்தால் நீல நிறத்துக்குள் பால் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பிகள். விரலால் சுண்டினால் ட்யூபின் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்குகிறது. பிப்பெட்டில் ஏறவே மாட்டேன் என்கிறது. எப்படியோ ஏற்றி ஓட்டினால் ஜெல்லில் ஒரு மங்கலான இழுவல், பக்கத்து வரிசைகளும் வளைந்து நாசம்.

புரோட்டீன்தான் வீழ்படிவாகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. உப்பைக் கூட்டினேன், கிளிசரால் சேர்த்தேன், பாக்டீரியாவைக் குறைந்த வெப்பத்தில் வளர்த்தேன், கடைசியில் ஜீனையே சந்தேகப்பட்டு மறுபடி சரிபார்க்க அனுப்பினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு நாள், அப்புறம் அதே வெள்ளைத் திப்பி. கைடிடம் போய் நிற்கவே கூச்சமாக இருந்தது. சனி, ஞாயிறு என்று பார்க்காமல் வந்து செய்தும் ஒன்றும் நடக்காததில் இந்தத் துறையே எனக்குச் சரிப்படாது போலிருக்கிறது என்ற அளவுக்குப் போய்விட்டேன்.

ஒருநாள் அடுத்த மேஜை அக்கா ட்யூபை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "புரோட்டீனே போடாம உன் பஃபரை மட்டும் கலந்து பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. ஐந்து வாரத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வெறும் பொட்டாசியம் பாஸ்பேட்டோடு சாம்பிள் பஃபரைக் கலந்தோம், இரண்டு நிமிஷத்தில் அதே வெள்ளைத் திப்பி. புரோட்டீன் ஒரு பாவமும் அறியாதது. எஸ்டிஎஸ்ஸில் இருக்கும் சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் போய் உட்கார்ந்தால் கிடைக்கும் உப்பு அறை வெப்பத்தில் அநேகமாகக் கரையாது. சூட்டில் கரையும், ஆறினால் பிரியும். அதனால்தான் வெந்நீரில் இருந்து எடுக்கும்போது தெளிவாக இருந்து என்னை ஏமாற்றியது.

இதில் என்னை நானே மன்னிக்க முடியாத ஒரு விஷயம் உண்டு. பாக்டீரியாவில் இருந்து பிளாஸ்மிட் (அதற்குள் தனியாக இருக்கும் சின்ன வட்ட டிஎன்ஏ) எடுக்கும் முறையை வாரம் இரண்டு முறை செய்கிறேன், 1979ல் பிர்ன்போய்மும் டோலியும் வெளியிட்ட முறை அது. இரண்டாவது கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடும் எஸ்டிஎஸ்ஸும், மூன்றாவது கரைசலில் பொட்டாசியம் அசிட்டேட். மூன்றாவதை ஊற்றியதும் தயிர் மாதிரித் திரண்டு வருமே, அதில் பெரும்பங்கு இதே பொட்டாசியம் உப்புதான். புரோட்டீனையும் குரோமோசோம் டிஎன்ஏவையும் வாரிக்கொண்டு கீழே போய்விடும், பிளாஸ்மிட் மேலே தெளிவில் நிற்கும். வேண்டுமென்றே வரவழைத்த திப்பியை வாராவாரம் பார்த்தவனுக்கு வேண்டாத இடத்தில் வந்த அதே திப்பியை அடையாளம் தெரியவில்லை.

ஆக, சாம்பிள் வெளுத்தால் முதலில் புரோட்டீன் இல்லாத பஃபரை மட்டும் வைத்துச் சோதியுங்கள், பத்து நிமிஷ வேலை. பொட்டாசியம் நிறைய இருக்கும் பஃபர் என்றால் சோடியம் பஃபருக்கோ ட்ரிஸ் என்ற பொருளில் செய்த பஃபருக்கோ மாறுங்கள், அல்லது புரோட்டீனை அசிட்டோனில் படியவைத்துப் பஃபரைக் கழித்துவிட்டு ஏற்றுங்கள். லித்தியம் டோடெசில் சல்பேட் என்று ஒன்று இருக்கிறது, குளிரிலும் கரைந்தே நிற்கும், ஆனால் பொட்டாசியம் உள்ளே வந்துவிட்டால் அதுவும் காப்பாற்றாது. புரோட்டீனை அவிழ்க்கும் இன்னொரு பொருளான குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் கரைத்த புரோட்டீனிலும் நேராக எஸ்டிஎஸ் ஊற்றாதீர்கள், அங்கேயும் கோந்து மாதிரித் திரளும், யூரியாவில் இந்தத் தொல்லை இல்லை. பிசிஆர் (நொதியை வைத்து டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) செய்பவர்களுக்கு: டிஎன்ஏவோடு துளி எஸ்டிஎஸ் தங்கினாலும் நொதி படுத்துவிடும், எத்தனாலில் இன்னொரு முறை கழுவுவது வீண் வேலை இல்லை.

இனி வாய். ஆய்வகக் கூத்துக்கு முன்பே இது ஆரம்பித்துவிட்டது. கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், கீழுதட்டின் மடிப்பு என்று மாறி மாறி வெள்ளைக் குழி, சுற்றிலும் சிவப்பு வளையம். ஒன்று ஆற பத்து நாள், அது ஆறுவதற்குள் அடுத்தது. உப்பு பட்டால் கண்ணீர் வரும். கூட்டத்தில் பேசும்போது நாக்கை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துப் பேசக் கற்றுக்கொண்டேன், பலர் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சூடு, தூக்கமில்லை, டென்ஷன். நானும் நம்பினேன், ஜெல் வராதவனுக்கு டென்ஷன் இல்லாமல் இருக்குமா?

டாக்டர் முறையாகவே பார்த்தார், அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். இரும்புச்சத்து, ஃபோலேட், பி12 குறைந்தாலும் இப்படிப் புண் வரும் என்று ரத்தப் பரிசோதனை எழுதினார். எல்லாம் சரியாக இருந்தது. இருந்தாலும் விட்டமின் மாத்திரை மூன்று மாதம், பிறகு தடவும் மருந்து, பிறகு கூரான பல் உரசுகிறதா என்று பல் மருத்துவரிடம். பல் மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நன்றாகப் பல் தேய்க்கச் சொன்னார். நான் இரண்டு வேளையை மூன்று வேளையாக்கினேன். புண் அதிகமானது. அது ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

விடிவு வந்தது ஒரு டப்பாவின் பின்பக்கத்தில். எஸ்டிஎஸ் தீர்ந்துபோய்ப் புது டப்பாவுக்கு எழுதும்போது வேறு பெயர்கள் என்ற இடத்தில் பொடி எழுத்தில் சோடியம் லாரில் சல்பேட் என்று இருந்தது. கல்லூரியில் படித்ததுதான், மறந்தேபோயிருந்தது. அன்று இரவு வாயில் நுரையோடு நின்றுகொண்டு டூத்பேஸ்ட் ட்யூபைத் திருப்பினேன், பட்டியலில் அதே பெயர். நூல்கண்டு அவிழ்க்கும் பொருளைப் புண்ணான கன்னத்தில் தினமும் மூன்று வேளை தேய்த்துக்கொண்டிருக்கிறேன்! டூத்பேஸ்ட்டில் இது பொதுவாக ஒன்று, ஒன்றரை சதவீதம் இருக்கும். வெறும் தண்ணீரில் 0.23 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே இதன் மூலக்கூறுகள் சேர்ந்து உருண்டைகளாகி அழுக்கை அள்ளத் தொடங்கிவிடும், ஆக எச்சிலில் நாலு மடங்கு கரைந்தாலும் வீரியம் போகாது. வாயின் உட்புறத்தைக் காக்கும் வழவழப்பான மியூசின் படலத்தை இது கலைத்துவிடுகிறது என்பதுதான் சொல்லப்படும் விளக்கம். பல் தேய்த்த கையோடு ஆரஞ்சு ஜூஸ் குடித்தால் கசக்கிறதே, அதற்கும் இதன்மேல்தான் பழி.

எஸ்எல்எஸ் இல்லாத பேஸ்ட்டுக்கு மாறினேன். முதல் வாரம் பல்லே தேய்க்காத மாதிரி இருந்தது, நுரை வராவிட்டால் சுத்தமாகவில்லை என்று மனசு நம்ப மறுக்கிறது. ஆனால் நுரைக்கும் சுத்தத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை, வேலை பிரஷ்ஷுடையது. ஆறாவது வாரம் வாயில் ஒரு புண்ணும் இல்லை என்பதைத் திடீரென்று கவனித்தேன். வெளியூர் போனபோது மறந்துபோய் நண்பரின் பேஸ்ட்டை நான்கு நாள் பயன்படுத்தினேன், திரும்பி வந்த இரண்டாம் நாள் உதட்டில் ஒன்று. ஒரே ஆள், ஒரே வாய், இதை நிரூபணம் என்று சொன்னால் என் கைடு சிரிப்பார். 1990களில் நார்வே ஆய்வாளர்கள் எஸ்எல்எஸ் இல்லாத பேஸ்ட்டில் புண் குறைவதாகச் சொன்னார்கள், பின்னால் வந்த ஒரு ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை, 2019ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது புண்ணின் எண்ணிக்கை, நாட்கள், வலி எல்லாம் குறைவதாகத்தான் வந்தது. அடிக்கடி வாய்ப்புண் வருபவருக்கு மாற்றிப் பார்ப்பதில் நஷ்டமில்லை என்று மட்டும் சொல்வேன். புண்ணே வராதவர் மாற்ற அவசியமில்லை.

மாற்றும்போது இரண்டு விஷயம். ஃப்ளோரைடு இருக்கிறதா பாருங்கள், 'ரசாயனம் இல்லாதது' என்று விற்கும் சிலவற்றில் அதையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறார்கள், அப்புறம் புண்ணுக்குப் பதில் சொத்தைப்பல். இன்னொன்று, லாரெத் சல்பேட் என்று இருப்பது வேறு பொருள், அதன் உறவுக்காரன், தோலுக்குக் கொஞ்சம் சாது. இதனால் புற்றுநோய் வரும் என்று அவ்வப்போது சுற்றும் செய்திக்கு ஆதாரம் கிடையாது, தூக்கிப் போடுங்கள். இது செய்வது எரிச்சல், அவ்வளவுதான். அந்த எரிச்சலும் நம்பகமானது என்பதால் தோல் ஆய்வுகளில் வேண்டுமென்றே இதைத் தடவித்தான் தோலின் தாங்குதிறனைச் சோதிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் வறண்ட தோலுக்குப் பல வருஷம் எழுதிக்கொடுத்த அக்வஸ் க்ரீமிலும் இது இருந்தது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013ல், குறிப்பாக எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு, இது எரிச்சல் தரலாம் என்று எச்சரித்தது.

இதையெல்லாம் தேடிப் படித்தபோதுதான் என் பதினான்கு மாத வைத்தியத்துக்குள்ளேயே இந்தப் பொருள் ஒளிந்திருந்தது தெரிந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளக்கப் பழைய முறையில் சயனைடு கலந்த கரைசல் வேண்டும், இப்போது பல தானியங்கிக் கருவிகளில் அதற்குப் பதில் எஸ்எல்எஸ். சிவப்பணுவை உடைத்து, ஹீமோகுளோபினோடு சேர்ந்து, அளக்கத்தக்க நிறத்தைத் தருகிறது. விட்டமின் மாத்திரை அட்டையின் பொடி எழுத்திலும் அதே பெயர், மாத்திரை ஈரத்தை இழுத்துக் கரைவதற்காகத் துளி சேர்ப்பார்கள். விழுங்கும் அந்த அளவு வாயை ஒன்றும் செய்யாது, அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எல்லாவற்றையும் விட என்னை நிறுத்திவைத்தது ஒரு எலியின் இதயம். 2008ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டோரிஸ் டெய்லர் குழுவினர் இறந்த எலியின் இதயத்துக்குள் 1 சதவீத எஸ்டிஎஸ்ஸை ரத்தக்குழாய் வழியாகவே ஓடவிட்டிருக்கிறார்கள். செல்களெல்லாம் கரைந்துபோய் வெளுத்த கூடு மட்டும் இதய வடிவத்தில் நின்றிருக்கிறது, அதில் புது செல்களை ஏற்றிச் சில நாளில் துடிக்கவும் வைத்துவிட்டார்கள். படத்தைப் பார்த்தபோது என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

இப்போதும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு புண் வரத்தான் செய்கிறது, பெரும்பாலும் அறிக்கை கொடுக்கும் வாரத்தில். அதற்கு டூத்பேஸ்ட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே இடத்தில் மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண், வலியே இல்லாத புண், கட்டி மாதிரி தடித்த புண் என்றால் பேஸ்ட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், நேராக டாக்டரிடம் காட்டுங்கள். பாதி மிச்சமிருந்த பழைய ட்யூபைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, குளியலறைக் குழாயைத் தேய்த்துத் தீர்த்தேன். குழாய் நன்றாகவே பளபளக்கிறது.